வழி கூறும் அறம்

அறங்கள் பல. பசித்தவர்க்குச் சோறிடுதல் அறம். நோயுற்றவர்க்கு மருந்தளித்தல் அறம். இருளில் செல்பவர்க்கு விளக்கேற்றி வைத்தல் அறம். வழி அறியாது திகைத்து நிற்பவர்க்கு வழி கூறுதலும் இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க அறமே ஆகும். நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். அதனாலன்றோ அவர்கள் சாலையோரங்களில் மரங்களை நட்டனர். தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறச் சுமைதாங்கிக் கற்களை நிறுத்தினர். கோடையில் தண்ணீர்ப்பந்தல் அமைத்தனர். ஊர்தோறும் சத்திரம் கட்டினர்! அந்தச் சுமைதாங்கி, தன்மேல் சுமையை இறக்குபவன் எந்த ஊரான் என்று கேட்டதில்லை. அந்தப் பந்தலின் நீர், குடிப்பவன் எக்குலத்தான் என்று வினவியதில்லை. வினவியிருப்பின் அஃது அறமன்று. வழிச்செல்வோர் அனைவர்க்கும் பொதுவாய் நிற்பதே வழியறத்தின் இயல்பு.

தமிழில் இவ்வறத்தை அடிப்படையாகக் கொண்டு ஓர் இலக்கிய வகையே தோன்றியுள்ளது. அதற்கு ஆற்றுப்படை என்பது பெயர். 'ஆறு' என்றால் வழி. 'படை' என்றால் படுத்துதல். பரிசில் பெற்று மீண்டு வரும் கலைஞன் ஒருவன், வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் சென்ற வழியையும் தான் பெற்ற செல்வத்தையும் எடுத்துரைத்து, அவனையும் அவ்வள்ளலிடம் செல்லுமாறு வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. தனக்குத் தெரிந்ததைத் தன்னுள் மறைத்து வைக்காமல், தெரியாதவனுக்குச் சொல்லிவிடும் பெருந்தன்மையே இப்பாடல்களின் உயிர்நாடி. பத்துப்பாட்டில் சரிபாதியாகிய ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாக விளங்குகின்றன.

அவ்வைந்தனுள் ஒன்றாகிய மலைபடுகடாம் நம் திருவண்ணாமலை மாவட்டத்தோடு நெருங்கிய தொடர்புடையது. அதன் பாட்டுடைத் தலைவனாகிய நன்னன் என்னும் குறுநில மன்னனின் தலைநகர் செங்கண்மா. இன்று திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கமே அவ்வூர் என்று அறிஞர் கூறுவர். அப்பாட்டைப் பாடிய பெருங்கௌசிகனார் மன்னனின் புகழை மட்டும் பாடிச் செல்லவில்லை. வழியில் எங்கெங்கு இடர் உண்டு என்பதையும் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். தினைப்புனம் காப்போர் கவணால் எறியும் கல் பறந்து வரும் இடம் இது; பன்றியைப் பிடிக்கக் கற்பொறி வைத்திருக்கும் வழி இது, ஆதலின் இரவில் செல்லாமல் விடிந்தபின் செல்க; பாம்பு உறையும் குழிகள் உள்ள இடம் இது; கால் வழுக்கும் பாறை இது என்றெல்லாம் அவர் எச்சரிக்கிறார். எங்கே தங்கலாம், எவர் உணவளிப்பர் என்பவற்றையும் சொல்கிறார். சொற்களால் தீட்டப்பெற்ற நிலப்படம் அன்றோ அது!

அந்தப் பழைய அறம் நம் காலத்தில் ஒரு புதிய வடிவம் பெற்றிருக்கிறது. உலகெங்கும் உள்ள தொண்டர்கள் ஒன்றுகூடி, எவரும் எடுத்துப் பயன்படுத்தத்தக்க ஒரு பொது நிலப்படத்தை வரைந்து வருகின்றனர். 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற இம்முயற்சிக்கு 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்று பெயர். 'திறந்த தெருப்படம்' என்று நாம் இதனைத் தமிழில் கூறலாம். இதில் சாலையை வரையும் தொண்டர் கூலி பெறுவதில்லை. படத்தைப் பயன்படுத்துபவர் விலை கொடுப்பதில்லை. படம் எவரால் ஆக்கப்பட்டது என்பதைக் குறிப்பிட வேண்டும். அதன் தரவுகளைத் திருத்தியும் பெருக்கியும் வெளியிடுவோர் அவற்றையும் அவ்வாறே பிறர்க்குப் பொதுவாக்க வேண்டும். இவையே பயன்படுத்துவோர்க்கு உரிய தலையாய கட்டுப்பாடுகள்.

இப்படம் எவ்வாறு உருவாகிறது? வானில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நிலத்தைப் படம்பிடிக்கின்றன. அவ்வாறு எடுத்த படங்களுள், வரைவதற்கு இசைவளிக்கப்பட்டவற்றைத் தொண்டர்கள் கணிப்பொறித் திரையில் விரித்து, அவற்றில் தோன்றும் சாலை, ஆறு, குளம், வீடு ஆகியவற்றின் மேல் கோடிட்டுக் குறிக்கின்றனர். அனுபவம் மிக்க வேறொருவர் அதனைச் சரிபார்ப்பதும் உண்டு. ஆனால், வானிலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கூரை தெரியுமே ஒழிய, அக்கூரையின் கீழ் இருப்பது பள்ளியா மருத்துவமனையா என்பது தெரியாது. தெரு தெரியும், தெருவின் பெயர் தெரியாது. அதனைச் சொல்ல வல்லவர் அவ்வூரில் நடந்து பழகியவரே. ஆகவே, எங்கோ தொலைவில் இருப்பவரின் கையுழைப்பும் ஊரில் இருப்பவரின் அறிவும் சேர்ந்தே இப்படம் நிறைவு பெறுகிறது.

இதனால் விளைந்த நன்மைக்கு முதற்பெருஞ் சான்று ஹைத்தி நாடு. 2010ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் அங்குப் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. தலைநகராகிய போர்ட்டோ பிரின்சு இடிந்து நொறுங்கியது. பல நாடுகளிலிருந்தும் மீட்புக் குழுவினர் விரைந்து வந்தனர். ஆனால், எந்தத் தெருவழியே எங்குச் செல்வது? நகரின் தெருக்களை விரிவாகக் காட்டும் படம் அவர்கள் கையில் இல்லை. திறந்த தெருப்படத்திலும் அப்பொழுது சில பெருஞ்சாலைகளே இருந்தன. செய்தி அறிந்த தொண்டர்கள் பல நாடுகளில் தத்தம் வீடுகளில் அமர்ந்து இரவு பகலாக வரைந்தனர். சில நாட்களில் தெருக்களும் சந்துகளும் மக்கள் தங்கியிருந்த கூடாரங்களும் படத்தில் இடம்பெற்றன. மீட்புப் பணியாளர்கள் அப்படத்தைத் தம் கைக்கருவிகளில் ஏற்றிக்கொண்டு பணிபுரிந்தனர். அத்தொண்டின் பயனாக அவ்வாண்டிலேயே மனிதநேயப் பணிகளுக்கென நிலப்படம் வரையும் தொண்டர் அமைப்பு ஒன்று முறைப்படி நிறுவப்பட்டது.

ஹைத்தியில் இடர் வந்த பின்னர்ப் படம் வரைந்தனர். நேபாளத்திலோ இடர் வருமுன்னரே அப்பணி தொடங்கியிருந்தது. காத்மாண்டுவில் இளைஞர் குழுவொன்று நகரின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் சாலைகளையும் முன்கூட்டியே படத்தில் குறித்து வைத்திருந்தது. 2015ஆம் ஆண்டு ஏப்பிரல் 25ஆம் நாள் நிலம் நடுங்கி, ஏறத்தாழ ஒன்பதாயிரம் மக்கள் மாண்டபொழுது, அந்த முன்னுழைப்பு கைகொடுத்தது. உலகெங்கும் இருந்த ஆயிரக்கணக்கான தொண்டர்கள் எஞ்சிய மலையூர்களை விரைந்து வரைந்தனர். வெள்ளம் வந்தபின் கரை கட்டுவதினும் வருமுன் கட்டுவதே சிறந்தது என்பது நிலப்படத்திற்கும் பொருந்தும் உண்மையாகும்.

நம் தமிழகமும் இத்தொண்டினை அறிந்ததே. அதே 2015ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் சென்னையில் பெருமழை கொட்டியது. தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செண்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டு ஓடியது. எந்தத் தெருவில் நீர் நிற்கிறது, எந்தத் தெருவழியே செல்லலாம் என்பதை எவரும் முழுமையாக அறியக்கூடவில்லை. அந்நிலையில் தொண்டர் சிலர், திறந்த தெருப்படத்தை அடிப்படையாகக் கொண்டு வெள்ளநிலைப் படம் ஒன்றை அமைத்தனர். தம் தெருவில் வெள்ளம் புகுந்திருப்பதைக் கண்டவர், படத்தில் அத்தெருவைத் தொட்டுக் குறித்தால் போதும். மற்றவர் அதனைக் கண்டு அறிந்துகொள்வர். ஒவ்வொருவரும் அறிந்தது ஒரு தெரு. அவை ஒன்று சேர்ந்தபொழுது ஒரு நகரத்தின் நிலையே கண்முன் விரிந்தது. சிறுதுளி பெருவெள்ளம் என்பர். அங்குச் சிறுதுளியான செய்திகள் சேர்ந்து பெருவெள்ளத்தை எதிர்கொள்ள உதவின.

இயற்கையின் சீற்றத்தின்போது மட்டுமன்றி, மனிதர் தம்முள் மூட்டிக்கொள்ளும் போர்த்தீயின் நடுவிலும் இப்படங்கள் பயன்படுகின்றன. ஐக்கிய நாடுகள் அவை, பகை மூண்ட நாடுகளுக்கு அமைதிப்படையை அனுப்புகிறது. போரால் சிதைந்த நாடுகள் பலவற்றில் சிற்றூர்களைக் காட்டும் விரிவான நிலப்படங்கள் கிடைப்பதில்லை, இருப்பவையும் பழமையானவை. அமைதிப்படையினர் சுற்றுக்காவல் செல்லவும், உணவும் நீரும் கொண்டு செல்லவும், காயமுற்றவரை மருத்துவமனைக்கு எடுத்து வரவும் வழி தெரியவேண்டுமன்றோ? இதற்கெனவே ஐக்கிய நாடுகள் அவையின் ஆதரவில் 'யு.என். மேப்பர்ஸ்' என்னும் தொண்டர் குழு இயங்குகிறது. ஆப்பிரிக்க நாடுகளின் சாலைகளையும் ஊர்களையும் அத்தொண்டர்கள் திறந்த தெருப்படத்தில் வரைகின்றனர். அவர்கள் வரைந்தது அமைதிப்படைக்குப் பயன்படுவதோடு, அந்நாட்டு மக்களுக்கும் என்றும் உரிய பொதுச்செல்வமாக நின்றுவிடுகிறது.

இந்தியராகிய நமக்கு இதில் தனி அக்கறை இருத்தல் வேண்டும். ஐக்கிய நாடுகளின் அமைதிப்பணிகளுக்கு இதுவரை இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட வீரர்களை நம் நாடு அனுப்பியிருக்கிறது. அவர்களுள் நூற்றெழுபதுக்கும் மேற்பட்டோர் அயல்மண்ணில் உயிர் ஈந்துள்ளனர். 1961ஆம் ஆண்டு காங்கோ நாட்டில் பகைவர் அமைத்த சாலைத்தடையை அகற்றும் போரில் வீழ்ந்து, பரம்வீர் சக்கரம் பெற்ற கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவின் பெயரை நாம் மறத்தல் ஆகாது. அறிமுகமில்லாத நிலத்தில், பிறர் அமைதிக்காக நடக்கும் அத்தகைய வீரர்களுக்கு, வீட்டிலிருந்தபடியே ஒரு சாலையை வரைந்து உதவுவது அரிய செயலா?

இனி, நம் ஊருக்கு வருவோம். திருவண்ணாமலை நடந்து அறியப்பட்ட ஊர். ஏறத்தாழ பதினான்கு கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப்பாதையில் நிறைநிலா நாள்தோறும் இலட்சக்கணக்கான மக்கள் நடக்கின்றனர். எட்டுத் திசைக்கும் எட்டு இலிங்கங்கள் நின்று, நடப்பவர் எத்திசையில் உள்ளார் என்பதை உணர்த்துகின்றன. கார்த்திகைத் திருநாளில் மலையுச்சியில் ஏற்றும் தீபம் பல கல் தொலைவிற்கு ஒளி வீசுகிறது. ஆயினும் வலம்வரும் பாதையை அறிந்தவர் அனைவரும் மலையடிவாரத்துச் சந்துகளை அறிந்தவர் ஆகார்.

2024ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் நடந்ததை நாம் நினைவில் கொள்ளவேண்டும். பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின் திருவண்ணாமலையில் கனமழை பொழிந்தது. அன்று மாலை மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து, அடிவாரத்தில் உள்ள வ.உ.சி. நகரின் வீடுகள் மேல் விழுந்தன. ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்து இடிபாடுகளை அகற்றி உடல்களை மீட்டனர். அந்தக் கார்த்திகையில் தீபம் ஏற்றப்பட்டது. ஆனால் வழக்கம்போல் மலையேறப் பக்தர்களுக்கு இசைவளிக்கப்படவில்லை.

நிலப்படம் பாறையைத் தடுத்து நிறுத்திவிடுமா? நிறுத்தாது. மறைந்த குழந்தைகளைப் படம் காத்திருக்கும் என்று கூறுவது உண்மைக்கு மாறானது. துயருற்றவர்க்கு இழைக்கும் தீங்குமாகும். ஆனால், நாளைய இடரை எண்ணிப் பாருங்கள். மழைநீர் இறங்கும் ஓடைகள் எவை, அவற்றின் நேர்கீழே உள்ள வீடுகள் எவை, மண் அகற்றும் பொறி செல்லத்தக்க அகலமுள்ள தெரு எது, படிக்கட்டாய் முடியும் சந்து எது, இரவில் மக்களைத் தங்கவைக்கத்தக்க பள்ளியும் மண்டபமும் எங்குள்ளன என்பவை முன்கூட்டியே ஒரு படத்தில் இருந்தால், வெளியூரிலிருந்து வரும் மீட்புப் படையினர் ஒவ்வொருவரையும் நிறுத்தி வழிகேட்க வேண்டியதில்லை. இடிபாட்டின் அடியில் கிடப்பவனுக்கு ஒரு நாழிகை என்பது உயிருக்கும் இறப்பிற்கும் இடைப்பட்ட தூரமாகும். ஜவ்வாது மலையின் சிற்றூர் ஒன்றிலிருந்து பேறுகாலத் தாயை அழைத்துவரச் செல்லும் ஊர்திக்கும் இஃது ஒக்கும்.

இதற்குத் தடையாகச் சிலர் கூறுவனவற்றையும் ஆராய்வது முறை. நிலம் அளப்பது அரசின் பணியன்றோ, அதனை மக்கள் ஏன் செய்யவேண்டும் என்பது ஒரு வினா. அரசின் அளவைப்பணி போற்றத்தக்கதே. இந்திய நில அளவைத் துறை 1767ஆம் ஆண்டு தோன்றியது. 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் என்பார் தொடங்கிய பேரளவை, இமயம் வரை சென்றது. அவ்வளவு நுட்பமான அளவையை நாம் செய்ய இயலாது, செய்யவும் வேண்டுவதில்லை. ஆனால், நேற்றுக் கட்டிய பாலத்தையும் இன்று அடைபட்ட சந்தையும் அன்றன்றே குறிக்க அரசு அலுவலர் எத்தனை பேர் வேண்டும்? அத்தெருவில் வாழ்பவன் குறித்தால் அப்பணி எளிதில் முடியும். அரசின் படம் எலும்பு என்றால், மக்களின் படம் தசை. இரண்டும் சேர்ந்ததே உடல்.

பெரிய வணிக நிறுவனங்களின் படங்கள் கைப்பேசியில் இருக்க, வேறொரு படம் எதற்கு என்பது மற்றொரு வினா. அப்படங்கள் பயனுடையவையே. எனினும் வணிகத்தின் கண் கடைத்தெருவில் முதலில் படியும். கடையில்லாத மலையூரில் காலந்தாழ்ந்தே படியும். மேலும், அவை அந்நிறுவனங்களின் உடைமை. அவற்றின் தரவுகளை நாம் விரும்பியவாறு எடுத்து, திருத்தி, பிறர்க்கு வழங்க இயலாது. சத்திரமும் உணவு விடுதியும் இரண்டும் ஊருக்கு வேண்டும். உணவு விடுதி இருக்கிறது என்று சத்திரத்தை இடித்துவிடுவது அறிவுடைமையாகுமா?

பொதுப்படம் பகைவர்க்கும் பயன்படுமே என்று அஞ்சுவோரும் உளர். இவ்வச்சத்தை இகழ்ந்து ஒதுக்குதல் கூடாது. விளக்கு வழிப்போக்கனுக்கும் ஒளிதரும், கள்வனுக்கும் ஒளிதரும். அதற்காக எவரும் தெருவை இருளில் விடுவதில்லை. ஆனால் கருவூலத்தின் கதவைத் திறந்து வைத்து விளக்கேற்றுவதும் இல்லை. நம் நாட்டரசு 2021ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகள் இந்த நடுநிலையையே மேற்கொண்டுள்ளன. இந்தியர் நிலப்படம் ஆக்குவதற்கு முன் இசைவு பெறவேண்டும் என்னும் தடையை அவை நீக்கின. நாட்டின் பாதுகாப்பிற்குரிய சிலவற்றைக் குறித்தலாகாது என்றும் வரையறுத்தன. அவ்வரையறையைப் போற்றுவது நம் கடமை.

ஆதலின், படம் வரையப் புகுவோர் சில ஒழுக்கங்களைக் கைக்கொள்ளவேண்டும். கண்டதை வரைக, கேட்டதை உறுதி செய்தபின் வரைக. ஐயமுள்ள இடத்தை வெறுமையாக விடுவது, பொய்யால் நிரப்புவதினும் நன்று. இல்லாத பாலத்தை வரைந்தவன், இருட்டில் வரும் ஊர்தியை ஆற்றில் தள்ளியவன் ஆவான். பிறர் படத்தைப் பார்த்துப் படியெடுத்தல் திருட்டாகும். இந்த வீட்டில் இன்னார் வாழ்கிறார் என்று தனியார் பெயரைக் குறித்தல் தகாது. போர் நடக்கும் நாடுகளில் அஞ்சி ஒளிந்துள்ள மக்களின் புகலிடத்தைக் காட்டிக் கொடுக்கக் கூடாது. உண்மையைச் சொல்வது போலவே, சொல்லத் தகாததைச் சொல்லாதிருப்பதும் வழி கூறுவோனின் கடமையாகும்.

மாணவர்கள் இப்பணியில் என்ன செய்யலாம்? நிரம்பச் செய்யலாம். ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருப்பின், நாற்பது தெருக்களை அறிந்தவர்கள் அங்கே இருக்கின்றனர். ஆசிரியரின் துணையோடு, பகற்பொழுதில், தாளும் எழுதுகோலும் கொண்டு தத்தம் தெருவை நடந்து பார்த்து எழுதி வரட்டும். தெருவின் பெயர், அதன் அகலம், கிணறு, குடிநீர்த்தொட்டி, நலவாழ்வு நிலையம், நியாயவிலைக்கடை, மழையில் நீர் தேங்கும் தாழ்விடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளட்டும். பின்னர்ப் பள்ளியின் கணிப்பொறியில் அவற்றைப் படத்தில் ஏற்றலாம். திறந்த தெருப்படத்தில் ஒவ்வோர் இடத்திற்கும் பல மொழிகளில் பெயர் எழுத இடமுண்டு. எனவே நம் ஊர்ப்பெயர்களையும் ஏரிப்பெயர்களையும் பிழையின்றித் தமிழில் எழுதுவதும் நாம் செய்யத்தக்க தமிழ்த்தொண்டே. ஏரி தூர்ந்தபின் அதன் பெயரும் மறைந்துவிடுகிறது. பெயர் மறைந்தபின் அங்கு ஏரி இருந்ததென்று சொல்ல எவரும் இலர். மழை மட்டும் மறவாமல் அவ்விடத்தைத் தேடி வருகிறது!

இப்பணியால் மாணவர் பெறும் பயன் இன்னொன்றும் உண்டு. நாள்தோறும் நடக்கும் தெருவை நாம் பார்ப்பதே இல்லை. எழுதுகோலுடன் நடக்கும்பொழுதுதான், இந்தச் சந்தின் கடைசியில் ஒரு முதியவர் தனித்து வாழ்கிறார், இந்த வாய்க்கால் அடைபட்டிருக்கிறது, இந்தத் தெருவில் விளக்கே இல்லை என்பன கண்ணில் படுகின்றன. ஊரை அறிதல் ஊரிடம் அன்பு கொள்வதற்கு முதற்படி. அவ்வன்பு ஊரெல்லை கடந்து விரியும்பொழுது, காங்கோ நாட்டின் காட்டுவழியும் நேபாளத்தின் மலைவழியும் நம் தெருவைப் போலவே நமக்கு உரியவை ஆகின்றன.

நன்னனிடம் பரிசு பெற்று மீண்ட கூத்தன், எதிரே வந்தவனுக்கு வழி கூறியதால் தன் பரிசில் ஒரு பகுதியையும் இழந்துவிடவில்லை. பொன்னைக் கொடுத்தால் குறையும். அறிந்த வழியைக் கொடுத்தால் குறைவதில்லை. வேறொருவன் அவ்வழியே நடந்து, புதிய இடர் ஒன்றைக் கண்டு, அதனையும் சேர்த்துச் சொல்வானாயின் அவ்வறிவு வளரவும் செய்கிறது. அத்தகைய குறையாச் செல்வம் நம் ஒவ்வொருவரிடமும் ஒரு தெரு அளவேனும் இருக்கிறது. அதனை இடர் வருமுன் எழுதி வைப்போம். எழுதியதை அனைவர்க்கும் பொதுவாக்குவோம். நாம் அறியாத ஒருவர், நாம் காணாத ஓர் இரவில், நாம் வரைந்த வழியே விரைந்து சென்று ஓர் உயிரைக் காப்பாராயின், நாம் நடந்து எழுதிய உழைப்பிற்கு அதனினும் சிறந்த பயன் வேறு யாது?